அனல் பறந்தது எங்கே?

தேர்தல் வந்தால் நம் நாளிதழ்களில் களம் சூடுபிடிக்கும். பிரச்சாரத்தில் அனல் பறக்கும். 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முன்பும் அப்படித்தான். திருவள்ளூர் தொகுதிக்குள் இருக்கிற கும்மிடிப்பூண்டியில், இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் நிற்பவருக்கு அனல் என்பது உவமை இல்லை. எட்டு மணி நேர ஷிப்ட். வெயில் செய்திகளில் அவரைத் தேடுகிறேன். 'வெயில் வாட்டி வதைத்தது' என்று முடிந்துவிடுகிறது. யாரை வதைத்தது? படத்தில் தர்பூசணிக் கடைதான் இருக்கிறது.

பூமணி 1982இல் தன் நாவலுக்கு 'வெக்கை' என்று பெயர் வைத்தபோது, அந்தச் சூட்டுக்குள் கொலை செய்துவிட்டு ஓடும் ஒரு சிறுவன் இருந்தான். உணர்ச்சிக்குச் சூட்டுச் சொல் தப்பில்லை. உள்ளே ஆள் இருக்கணும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதை எழுத நம்மகிட்ட என்ன சொல் மிச்சம்? அனலைத்தான் மேடைப் பேச்சுக்கே செலவழிச்சிட்டோமே.