நாலு கைப்பிடி, ஒரே அழுத்தம்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் பாட்டிலை விட்டுக் கெக் என்னும் உலோகப் பீப்பாய்க்கு மாறினால், சோடா கம்பெனிகள் ஒரு காலத்தில் கழித்துக்கட்டிய அந்த 19 லிட்டர் கார்னி கெக் ஒன்றோடு நிற்பதில்லை. ஃப்ரீசர் பெட்டிக்குள் மூன்று, நாலு என்று சேர்ந்துவிடும். கரியமில வாயு சிலிண்டர் மட்டும் ஒன்றே ஒன்று. அதைப் பங்குபோட விற்பதுதான் மேனிஃபோல்டு: ஓர் உலோகக் கட்டை, ஒரு முனையில் வாயு நுழையும், பக்கவாட்டில் நாலு வால்வு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. வாரக்கணக்கில் குளிரிலும் ஈரத்திலும் கிடந்தும் கைப்பிடிகள் இறுகவில்லை. எரிச்சலூட்டுவது அட்டைப்பெட்டிப் படம்தான். கறுப்பு ஸ்டவுட், கலங்கலான கோதுமை பீர், இரண்டு விதமான ஏல் என்று நாலும் ஒரே கட்டையிலிருந்து நுரைத்து நிற்கின்றன. அந்தப் படம் சொல்வதை இந்தக் கருவியால் செய்ய முடியாது.

கைப்பிடிக்குத் தெரிந்தது திறப்பதும் மூடுவதும் மட்டுமே. பாதி திருகினால் பாதி அழுத்தம் போகும் என்று தோன்றும், போகாது. மொட்டை மாடியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தொட்டிகளை இணைக்கும் குழாயில் வால்வைப் பாதி திறந்து வைத்தாலும் விடிவதற்குள் நீர்மட்டம் சமமாகிவிடுகிறதல்லவா, அதே கதை. சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் 12 பி.எஸ்.ஐ. வைத்தால், கொஞ்சம் முன்பின்னாக நாலு கெக்கிலும் 12தான். 3 டிகிரி செல்சியஸில் அந்த அழுத்தம், பீரின் கொள்ளளவைப்போல் சுமார் இரண்டரை மடங்கு வாயுவைக் கரைத்துவைக்கும். ஏலுக்கு அது கச்சிதம். ஸ்டவுட்டுக்கு இரண்டு மடங்கே போதும். அழுத்தம் 5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஜெர்மானியக் கோதுமை பீர் மூன்றரை மடங்கு கேட்கும். அழுத்தம் 20-ஐத் தாண்டும்.

ஊற்றும் குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாமே என்பார்கள். குழாய் நீளம் தம்ளரில் எழும் நுரையைத்தான் அடக்கும். கெக்குக்குள் எவ்வளவு வாயு கரைகிறது என்பதில் அதற்குப் பங்கில்லை. வால்வை மூடிவைத்துத் தேவைப்படும்போது மட்டும் திறப்பது என்ற யோசனை அதைவிட வலுவானது. ஸ்டவுட்டுக்குப் பலிக்கவும் செய்யும், அவ்வப்போது ஒரு நொடி திறந்தால் போதும். ஆனால் கோதுமை பீருக்கு உதவாது. ஊற்ற ஊற்ற உள்ளே அழுத்தம் இறங்கும். லைனில் இருப்பதோ 12. அதற்குமேல் ஏற்றித் தர ஆளில்லை. பீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடை போகும்.

அப்படியென்றால் குழாயைக் கிளைபிரிக்கும் மலிவான டி-கனெக்டரே போதாதா? போதாது. இந்தக் கட்டைக்குக் கொடுக்கும் காசெல்லாம் கண்ணுக்குத் தெரியாத செக் வால்வுகளுக்குத்தான். அழுத்தம் கூடிய கெக்கை லைனில் மாட்டினால் வாயு பின்னோக்கிப் பாயும். கெக் கழுத்துவரை நிரம்பியிருந்தால் பீரே ஏறி ரெகுலேட்டர் வரை போய் ஒட்டும். செக் வால்வு அதைத் தடுக்கிறது, ஒரு கெக்கின் வாசம் இன்னொன்றில் ஏறாமலும் பார்த்துக்கொள்கிறது. டி-கனெக்டருக்கு இதெல்லாம் தெரியாது. தனியாகச் செக் வால்வு வாங்கி இடையில் செருகினால், கிளாம்ப் போடவேண்டிய இடம் இரட்டிப்பாகும். இணைப்பு கூடக்கூடக் கசிவும் கூடும். சிலிண்டருக்குள் திரவம் மிச்சமிருக்கும்வரை மீட்டர் முள் அசையாது என்பதால், காலியாகும்வரை கசிவு தெரியவும் தெரியாது. ஒவ்வொரு வாஷரிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கெக்குக்கு ஒரு ரெகுலேட்டர் என்று வாங்குவது சரியான தீர்வுதான், விலை கையைக் கடிக்கும். இரட்டை ரெகுலேட்டர் ஒன்று வாங்கி, ஒரு வாயைக் கோதுமை பீருக்கு நேராகக் கொடுத்து, மற்றதில் இந்த மேனிஃபோல்டை மாட்டி ஏல்களை நிறுத்துவது பாதிச் செலவில் முடியும். ஸ்டவுட்டும் அதிலேயே இருக்கட்டும், அதன் கைப்பிடியை மட்டும் மூடியே வைக்கவேண்டும்.