மூன்று பட்டை விளக்குகள்

அமெரிக்கச் சாலையில் ஒரு புதிய மஸ்டாங்கின் பின்னால் நிற்க வாய்த்தால், அது இண்டிகேட்டர் போடும் வரை காத்திருந்து பாருங்கள். பக்கத்துக்கு மூன்றாக நிற்கும் செங்குத்துப் பட்டைகள் ஒரே சமயத்தில் மினுக்குவதில்லை. உள்பட்டை முதலில் எரியும், பிறகு நடுப்பட்டை, கடைசியில் ஓரப்பட்டை. வண்டி திரும்பப் போகிற பக்கம் வெளிச்சம் நடந்து போகும். மூன்று பட்டை என்ற வடிவம் 1964-இல் வந்த முதல் மஸ்டாங்குடையது. வரிசையாக எரியும் வித்தை, அதே ஃபோர்டு நிறுவனத்தின் 1965 தண்டர்பேர்டுடையது. அதற்குள் ஒரு சின்ன மோட்டார் சுழன்று விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டது. 2010 மாடல் மஸ்டாங்கில் இரண்டும் ஒன்றுசேர்ந்தன. மோட்டாரின் இடத்துக்கு மின்னணுச் சுற்று வந்தது. பழமையை மீட்டெடுக்கும் வடிவமைப்பு எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்பதை இந்த ஒரு விளக்கிலேயே பார்த்துவிடலாம்.

நடுத்தர அளவு வண்டிக்குள் பெரிய வி-8 இன்ஜினைப் பொருத்தி, சம்பளக்காரர் வாங்கும் விலையில் விற்றதுதான் மசில் கார். 1964 பான்டியாக் ஜிடிஓவிலிருந்து அதன் கணக்கைத் தொடங்குவார்கள். மஸ்டாங்கையும் கமாரோவையும் ‘போனி கார்’ என்று தனியே பிரிப்பவர்கள் உண்டு. பேச்சு வழக்கில் எல்லாம் ஒன்றாகிவிட்டது. அந்தப் பொற்காலம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, 1970-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974-உடன் டாட்ஜ் சேலஞ்சர் நின்றுபோனது. அதே ஆண்டு மாடலாக வந்த மஸ்டாங் II-இல் வி-8 இன்ஜினே கிடையாது.

முப்பது ஆண்டு கழித்து இந்த வண்டிகள் திரும்பியபோது முகம் எவ்வளவு முக்கியம் என்பதை உணர்த்தியது ஒரு தோல்வி. 2004-இல் பான்டியாக், ஜிடிஓ என்ற பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மோனாரோவே அந்தப் பெயரில் அமெரிக்காவுக்கு வந்தது. 350 குதிரைத்திறன், அடுத்த ஆண்டே 400. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாத வண்டி. ஆனால் பழைய ஜிடிஓவை நேசித்தவர்கள் அதைச் சுற்றிவந்து பார்த்தபோது, தங்களுக்குத் தெரிந்த ஒரு கோடுகூட அதில் தென்படவில்லை. 2005-இல் பானெட்டின் மேல் இரண்டு காற்றுத் துளைகள் வைத்துப் பார்த்தார்கள். 2006-உடன் கதை முடிந்தது. பெயர் மட்டும் திரும்பி வந்தால் போதாது என்று அமெரிக்க வாடிக்கையாளர் தெளிவாகவே சொல்லிவிட்டார். எனக்கு அந்த வண்டியின் மேல் இன்றும் இரக்கம் உண்டு.

அதே காலத்தில் ஃபோர்டு வேறு வழியில் போனது. அங்கே வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய ஜே மேஸ், ஃபோக்ஸ்வாகனில் இருந்தபோது புதிய பீட்டிலின் மாதிரியை ஃப்ரீமன் தாமஸுடன் சேர்ந்து உருவாக்கியவர். 2003 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி மஸ்டாங் வந்து நின்றது. 2005 மாடலாக விற்பனைக்கு வந்தது. முன்னோக்கிச் சாய்ந்த மூக்கு, வட்ட ஹெட்லைட், பின்சரியும் கூரை, கதவுக்குப் பின்னால் உள்வாங்கிய மடிப்பு. 1966 ஷெல்பி மஸ்டாங்கில் அந்த இடத்தில் இருந்த துளை, பின் பிரேக்கைக் குளிர்விக்கக் காற்றை உள்ளே விட்டது. 2005-இல் அது வெறும் மடிப்பு. வேலை போய்விட்டது, அடையாளம் மட்டும் மிஞ்சியது. ஆனாலும் இந்த வண்டி எந்த ஓர் ஆண்டின் நகலும் இல்லை. பழைய மஸ்டாங்கின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு புது வாக்கியம் எழுதினார்கள். அதன் தலைமைப் பொறியாளர் ஹாவ் தாய்-டாங், சைகோனில் சிறுவனாக இருந்தபோது முதன்முதலில் மஸ்டாங்கைப் பார்த்து மயங்கியவர். 2006-இன் கமாரோ மாதிரிக்கு வடிவம் தந்த சாங்யுப் லீ கொரியாவிலிருந்து வந்தவர். அமெரிக்கர்களின் இளமை நினைவுக்கு உருவம் கொடுத்தவர்களில் வெளியே பிறந்தவர்கள் இருந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்து ஆசைப்பட்டவருக்கு எந்தக் கோடு முக்கியம் என்று தெரியும்.

சேலஞ்சர் இதற்கு நேர் எதிர். 2008-இல் திரும்பிய அது, 1970 வண்டியைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னது. நாலு கதவு வண்டிகளின் அடித்தளத்தை ஓரளவு குறுக்கியே இதைக் கட்டியதால் உடல் பெருத்துவிட்டது. அச்சிடைத் தூரம் பழையதில் 110 அங்குலம், புதியதில் 116. இருந்தும் கண் ஏமாறுகிறது. 1970 வண்டியில் கண்ணாடிகளை இறக்கினால் முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவே தூணே இருக்காது. பக்கம் முழுக்க ஒரே திறப்பு. பக்கவாட்டு மோதலுக்கும் வண்டி கவிழ்ந்தால் கூரை தாங்குவதற்கும் இன்று நடுத்தூண் வேண்டும். எனவே தூணை வைத்து, அதைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். பத்தடி தள்ளி நின்றால், பக்கக் கண்ணாடி ஒரே வீச்சாகப் பின்னால் ஓடுவதுபோலத் தெரியும். கிட்டே போனால் தூண் தெரியும். பின் ஜன்னல் இறங்காது. சட்டத்துக்கும் நினைவுக்கும் நடுவே இவ்வளவு அக்கறையோடு ஒரு சமரசம் செய்யப்பட்டதை வேறெந்த வண்டியிலும் நான் கண்டதில்லை.

கமாரோவுக்குத்தான் பழமை சுமையாகிப் போனது. 1969 வண்டியின் முறைப்பை இன்றைய உயரமான கதவுகளின் மேல் ஏற்றியதும் ஜன்னல்கள் ஒடுங்கின. உள்ளே உட்கார்ந்தால் பதுங்குகுழியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பது அதன் மேல் நெடுநாள் புகார். கடைக்கு வருவதற்கு முன்பே, 2007-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தில் மஞ்சள் ரோபோவாக வந்து பிள்ளைகளைக் கவர்ந்த வண்டி அது. 2016 மாடலில் உடல் இளைத்தது. முகத்தை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. 2024 மாடலோடு கமாரோ நின்றது. சேலஞ்சரின் தயாரிப்பும் 2023 டிசம்பரில் முடிந்தது.

மஸ்டாங் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 மாடலில் டயல்கள் போய்த் திரை வந்துவிட்டது. திரையில் ஒரு தேர்வை அழுத்தினால் 1980-களின் பிற்பகுதியில் வந்த மஸ்டாங்கின் டயல்கள் அதில் தோன்றும். ஒருகாலத்தில் ரசிகர்கள் வெறும் பெட்டி என்று ஒதுக்கிய வண்டி அது. அதில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். இரவில் ஹெட்லைட்டைப் போட்டால், அந்த எண்கள் அன்று எரிந்த அதே பச்சையில் எரிகின்றன.