பத்து நிமிட மூச்சு

மௌஸைச் சொடுக்கியே நகர்த்தும் சாகச விளையாட்டுகளில் என் செல்லம், 1990-இல் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. கடற்கொள்ளையனாகத் துடிக்கும் கைப்ரஷ் என்ற பையனைக் கனத்த சிலையோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள். சுற்றிலும் கத்திகள் கிடக்கும். ஒன்றும் கைக்கு எட்டாது. மண்டையைப் பிய்த்துக்கொள்வோம். விடையோ, சிலையையே தூக்கிக்கொண்டு மேலே நடப்பதுதான்!

அவனால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும். நிஜமாகவே பத்து நிமிடம் சும்மா விட்டுப் பாருங்கள், செத்துப்போவான். உடனே திரைக்கடியில் இருந்த 'திற', 'எடு', 'தள்ளு' எல்லாம் போய் 'மித', 'அழுகு' என்று கட்டளைகள் மாறும். பிணத்துக்கும் வேலை வைத்த குறும்பு.

2009 மறுபதிப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் புதுப் படம் பழைய படமாகும். புதியது பளபளக்கிறது, எனக்கென்னவோ அந்தப் பழைய புள்ளிக்கட்ட நிலாதான் நிலா. 2022-இல், முதல் விளையாட்டை உருவாக்கிய ரான் கில்பர்ட், அதில் உடன் பணியாற்றிய டேவ் கிராஸ்மனோடு திரும்பிவந்து 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' தந்தார். அதில் விடைக்குறிப்புப் புத்தகம் கைப்ரஷின் பைக்குள்ளேயே இருக்கிறது. திறக்கவே கூடாதென்று சபதமெடுத்தேன். இரண்டு நாள் தாங்கியது.