மௌன சாட்சியும் சிலம்பின் சாட்சியும்

இறந்தோர் உடலை ஆராய்ந்து மரணக் காரணத்தைக் கண்டறியும் தடயவியல் மருத்துவரை மையப் பாத்திரமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களுள், பி.பி.சி. 1996ஆம் ஆண்டு தொடங்கிய ‘சைலண்ட் விட்னஸ்’ நெடுங்காலம் நிலைத்த ஒன்றாகும். முன்னாள் காவல்துறை அலுவலரான நைஜல் மெக்ரேரி உருவாக்கிய இத்தொடரில், 2004 வரை அமண்டா பர்ட்டன் டாக்டர் சாம் ரயனாக நடித்தார். கெடா மாநிலம், மெர்போக் வட்டாரத் தமிழாசிரியர் சிலருடன் உரையாடியபொழுது இத்தொடர் குறித்து மூவகைக் கருத்துகள் வெளிப்பட்டன.

சவப் பரிசோதனைக் காட்சிகள் அளவுக்கு மீறி விரிகின்றன என்பது முதலாவது. மருத்துவரே சந்தேகத்திற்குரியோரைத் தேடிச் சென்று விசாரிப்பது நடைமுறைக்குப் பொருந்தாது என்பது இரண்டாவது. பேச இயலாது போனவருக்காகப் பேச ஒருவராவது இருக்கிறாரே என்ற மனநிறைவு மூன்றாவது.

முதலிரு கருத்துகளும் ஏற்கத்தக்கனவே. ஆயினும் தொடரின் அடிப்படைக் குறை அவர்கள் பாராட்டிய மூன்றாவது கூறிலேயே அமைந்துள்ளது எனலாம். உடல் தானாகப் பேசுவதில்லை. அதனை ஒருவர் வாசிக்கிறார். அவ்வாசிப்புப் பிழைபடக்கூடும் என்பதைத் தொடர் பெரும்பாலும் மறக்கச் செய்கிறது. மருத்துவரின் இறுதி முடிவே உண்மையென நாம் நம்பிவிடுகிறோம்.

மலேசியத் தமிழருக்கு இது வெறும் கலைச் சிக்கலன்று. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா காவல் நிலையமொன்றில் குகன் என்னும் இளைஞர் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்தமையே காரணம் என முதல் சவப் பரிசோதனை கூறியது. குடும்பத்தார் வேண்டிய இரண்டாம் பரிசோதனை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடைபெற்றது. அடிபட்டுத் தசைகள் சிதைந்ததால் சிறுநீரகம் செயலிழந்தது என அது கண்டது. 2013இல் உயர்நீதிமன்றம் காவல்துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாளிகளாக்கியது. ஒரே உடல், இரு வாசிப்புகள். முதல் வாசிப்போடு குடும்பத்தார் அமைந்திருந்தால் உண்மை உடலோடு மறைந்திருக்கும்.

இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுகூரத்தக்கது. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை ஆராயாது ஏற்றதால் கோவலன் கொலையுண்டான். கண்ணகியோ தன் சொல்லை மட்டும் நம்பும்படி கேட்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் பாண்டியன். அதன் பின்னரே சிலம்பு அவையில் உடைக்கப்பட்டது. சோதனையின் அளவுகோலை இரு தரப்பும் முன்கூட்டியே அறிந்திருந்தன. முடிவை யாவரும் கண்ணால் கண்டனர். வல்லுநரின் நா அங்குத் தேவைப்படவில்லை.

மருத்துவ அறிவியலுக்கு வல்லுநர் இன்றியமையாதவர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் கூற்று, சிலம்பைப் போல, பிறரும் திறந்து பார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இத்தகைய தொடர்களை வகுப்பில் எடுத்துக்கொள்ளும் ஆசிரியர், கொலையாளி யார் என்ற வினாவோடு நில்லாமல், மருத்துவர் கூறியதைச் சரிபார்க்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்றும் மாணவரிடம் வினவுவது பயனுடையதாகும்.