மாதிரி விமானத்தின் கறுப்புக் கோடுகள்: பிளாஸ்டிக் மாதிரிகளின் வண்ணக்கலை பற்றிய விமர்சனம்

பிளாஸ்டிக் மாதிரி விமானம் என்பது உண்மையான ஒரு விமானத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி, அச்சில் வார்த்த பாலிஸ்டைரீன் உறுப்புகளை ஒட்டி, வண்ணம் தீட்டி உருவாக்கும் காட்சிப்பொருள். இது பறப்பதற்காகச் செய்யப்படுவதன்று. 1/72, 1/48, 1/32 ஆகியவை பரவலாகப் புழங்கும் விகிதங்கள். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறக்கை விரிவு 11.23 மீட்டர். அதன் 1/72 மாதிரியில் அது 15.6 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு.

இக்கலையைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை செய்முறை விளக்கங்கள். எந்தப் பசை, எந்த வண்ணம், ஏர்பிரஷ்ஷில் எவ்வளவு அழுத்தம் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. முடித்து வைத்த மாதிரியை ஒரு படைப்பாக எடுத்துக்கொண்டு, அதன் வண்ணம் எதைச் சொல்கிறது, சொல்வது மெய்தானா என்று கேட்கும் எழுத்து குறைவு. கட்டுவதில் சரி, தவறு என்பது வெளிப்படை. இறக்கை கோணினால் கண்ணுக்குத் தெரியும், இணைப்பில் இடைவெளி விழுந்தால் விரல் நகத்துக்குத் தெரியும். வண்ணத்தில் அப்படியில்லை. பார்வைக்கு மிக அழகாக இருக்கும் ஒரு பூச்சு, அந்த விமானத்தைப் பற்றி முழுப் பொய்யையும் சொல்லிவிட முடியும்.

கோடு வந்த வழி

1936இல் பிரிட்டனில் ஃபிராக் நிறுவனத்தின் பென்குயின் வரிசை வெளிவந்தது. பிளாஸ்டிக் உறுப்புகளாகப் பெட்டியில் விற்கப்பட்ட மாதிரி விமானங்களின் தொடக்கமாக அது கருதப்படுகிறது. 1/72 என்ற விகிதத்தைப் பரவலாக்கியதும் அதுவே. ஆறு அடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிறான் என்ற எளிய கணக்கு அந்த விகிதத்துக்குப் பின்னால் இருக்கிறது. போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் வந்தது. 1950களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் மலிவு விலை மாதிரிகளை வூல்வொர்த் கடைகள் வழியாகப் பிரிட்டனின் சிறுவர்களிடம் சேர்த்தது.

அக்காலத்து மாதிரிகளில் விமானத்தின் தகடுகள் சேரும் இடங்கள் புடைப்புக் கோடுகளாகவும், ரிவெட்டுகள் புள்ளிப் புடைப்புகளாகவும் இருந்தன. அச்சு உலோகத்தில் பள்ளம் வெட்டினால் பிளாஸ்டிக்கில் புடைப்பு வரும், அச்சு செய்பவருக்கு அதுவே சுலபம். பிளாஸ்டிக்கில் பள்ளக் கோடு வேண்டுமென்றால் அச்சில் கோட்டை மட்டும் விட்டுச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் குறைக்க வேண்டும். தொழில்நுட்பம் வளர்ந்து, ஜப்பானின் தமியா, ஹசேகவா போன்ற நிறுவனங்கள் நுண்ணிய பள்ளக் கோடுகளைப் பழக்கமாக்கியபின் புடைப்புக் கோடு பழங்காலத்து அடையாளமாகிவிட்டது. (1970களின் மேட்ச்பாக்ஸ் மாதிரிகளில் பள்ளக் கோடுகள் உண்டு. ஆனால் அவை வாய்க்கால் அளவுக்கு ஆழமானவை என்று இன்றும் கேலி செய்யப்படுகின்றன.)

பள்ளம் வந்ததும் அதில் எதையாவது நிரப்பும் ஆசையும் வந்தது. நீர்க்கக் கரைத்த கருமையான வண்ணத்தை மேற்பரப்பில் தடவித் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் கருமை தங்கும். இதை 'வாஷ்' என்பார்கள். அடுத்து வந்தது முன்நிழல் முறை. முதலில் கோடுகளின் மீது கறுப்பை ஊதிவிட்டு, அதன் மேல் உண்மை வண்ணத்தை மெல்லிதாக அடிப்பது. இதன் விளைவாக ஒவ்வொரு தகடும் நடுவில் வெளிறி, ஓரத்தில் இருண்டு, தலையணை போல உப்பித் தெரியும். இன்று கண்காட்சி மேசைகளில் கிடக்கும் மாதிரிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன என்றால் மிகையில்லை. அச்சுத் தொழிலின் ஒரு வசதி அழகியல் விதியாக மாறிய கதை இது. விமானத்தைப் பார்த்து யாரும் இந்த விதியை உருவாக்கவில்லை.

ஒரு சிறு கணக்கு

மாதிரியின் பள்ளக் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று கொள்வோம். 1/72 விகிதத்தில் அது உண்மை விமானத்தில் 14.4 மில்லிமீட்டர். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளியோடு எந்த விமானமும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்காது. உண்மையான இடைவெளி 2 மில்லிமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும், மாதிரியில் அது 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலைமுடியை விட மெல்லியது. கோட்டைக் காட்டுவதே ஏற்கெனவே மிகை. அதைக் கறுப்பாக்குவது மிகையின் மேல் மிகை.

அமெரிக்காவின் பி-51 மஸ்டாங் இந்த வழக்கத்தின் அபத்தத்தை நன்றாகக் காட்டும். அதன் இறக்கை, காற்று ஒட்டி வழுக்கிச் செல்ல வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. அதற்காகத் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் தகட்டு இணைப்புகளுக்கும் ரிவெட் தலைகளுக்கும் பட்டி பூசி, தேய்த்து, வெள்ளிநிறப் பூச்சு அடித்தார்கள். உடற்பகுதி பல விமானங்களில் வெற்று அலுமினியமாகவே விடப்பட்டது. ஆகவே ஒரே விமானத்தில் இரண்டு விதமான வெள்ளி: உடலில் தகட்டுக்குத் தகடு மாறும் உலோகப் பளபளப்பு, இறக்கையில் கோடற்ற, ஒரே சீரான வண்ணம். இதைப் பழைய ஒளிப்படங்களில் காணலாம். ஆனால் மேசைக்கு வரும் மஸ்டாங்குகளில் பெரும்பாலானவற்றின் இறக்கைகள் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போல இருக்கின்றன. கிட்டில் கோடு இருந்தது, செய்தவர் அதைக் கருப்பாக்கினார், அவ்வளவுதான். சில நிதானமான கைவினைஞர்கள் அந்தக் கோடுகளைப் பட்டியால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வண்ணம் அடிக்கிறார்கள். தொழிற்சாலையில் நடந்த அதே வேலை சிறிய அளவில் திரும்ப நடக்கிறது. பார்வையாளர் அதைத் தாண்டிப் போய்விடுவார் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

மேடை ஒப்பனை என்ற வாதம்

முன்நிழல் முறைக்கு ஒரு நியாயம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. பெரிய பொருளின் மீது வெயில் விழும்போது ஒவ்வொரு வளைவும் தன் நிழலைத் தானே போடுகிறது. ஒரு சாண் நீளப் பொருள் அறை விளக்கின் கீழ் அப்படிச் செய்வதில்லை. ஒரே வண்ணத்தைத் தட்டையாக அடித்தால் மாதிரி பொம்மை போல உயிரற்றுத் தெரியும். கூத்துக் கலைஞர் கடைசி வரிசைக்கும் கண் தெரிய வேண்டும் என்று மையை அழுத்தி எழுதிக்கொள்வது போல, மாதிரியும் கொஞ்சம் கூட்டிக் காட்டப்பட வேண்டும் என்பது வாதம். சரியே. ஆனால் கூத்தில் ராஜாவுக்கும் கட்டியக்காரனுக்கும் ஒரே மை எழுதுவதில்லை. மாதிரி மேசையிலோ பாலைவன விமானத்துக்கும் கப்பல் விமானத்துக்கும், நேற்று வந்த விமானத்துக்கும் இரண்டு ஆண்டு உழைத்த விமானத்துக்கும் ஒரே நிழல் விழுகிறது. குறை மிகைப்படுத்துவதில் இல்லை, எல்லாவற்றையும் ஒரே மாதிரி மிகைப்படுத்துவதில் இருக்கிறது.

இதோடு சேர்ந்து வழங்கும் இன்னொரு கருத்து, தூரத்தால் வண்ணம் வெளிறும், ஆகவே மாதிரிக்கு வண்ணத்தை வெளுப்பாக்க வேண்டும் என்பது. 1/72 மாதிரியை 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மை விமானத்தை 21.6 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 21 மீட்டர் காற்று எந்தப் பச்சையையும் சாம்பலாக்கிவிடாது. தெருவுக்கு எதிர்ப்புறம் நிற்கும் பேருந்தின் நிறம் மங்கித் தெரிவதில்லை. கொஞ்சம் வெளுப்பது நல்லதே, ஆனால் அதற்குக் காரணம் வெளிவெயிலுக்கும் அறை வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு. காரணத்தைத் தவறாகப் பிடித்தவர் அளவையும் தவறவிடுகிறார்.

தேய்மானம் சொல்லும் கதை

பெயர்ந்த வண்ணம், புகைக்கறை, எண்ணெய் வழிவு ஆகியவற்றைத் தீட்டுவதே இக்கலையின் மிகச் சுவையான பகுதி. கைத்திறனை விட அறிவு அதிகம் தேவைப்படும் பகுதியும் இதுதான்.

ஸ்பிட்ஃபயரின் விமானி இருக்கைக்குச் சிறு கதவு உண்டு. அது இடப்பக்கம் மட்டுமே. விமானி இடது இறக்கையின் அடிப்பகுதியில் கால் வைத்து ஏறுவார். இருக்கைப் பட்டைகளை மாட்டிவிட வரும் தரைப் பணியாளரும் பெரும்பாலும் அங்கேதான் நிற்பார். எனவே காலணி தேய்த்த தடம் இடப்பக்கத்தில் மிகுதியாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாக வெள்ளிப் புள்ளிகள் தெறித்த ஸ்பிட்ஃபயரைக் கண்டால், செய்தவர் விமானத்தை நினைக்கவில்லை, வண்ணப் புட்டியை நினைத்தார் என்று சொல்லிவிடலாம்.

இறக்கையின் முன்விளிம்பில் இயந்திரத் துப்பாக்கித் துளைகளை மூடிச் சிவப்புத் துணித் துண்டுகளை ஒட்டுவார்கள். தூசியும் குளிர்க்காற்றும் உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. சுடும்போது குண்டு துணியைக் கிழித்துக்கொண்டு போகும். மாதிரிகளிலோ சிவப்புத் துணி கிழியாமல் அப்படியே இருக்க, இறக்கையின் கீழே துப்பாக்கிப் புகை கரிய கோடுகளாக நீண்டு கிடக்கும். சுட்டு முடித்துத் தரையிறங்கி, பணியாளர்கள் புதுத் துணி ஒட்டியபின் உள்ள நிலை என்று சமாதானம் சொல்லலாம். அப்படியானால் துணி புத்தம் புதிதாக, சுற்றியுள்ள அழுக்கோடு ஒட்டாமல் தெரிய வேண்டும். அப்படித் தீட்டிய மாதிரி ஒன்றைப் பார்க்கும்போது விமானத்தின் ஒரு பிற்பகல் முழுவதும் கண்முன் வந்துவிடும். சுட்டது, திரும்பியது, மறுபடி கிளம்பத் தயாரானது எல்லாம் எட்டுச் சிறு சிவப்புச் சதுரங்களில் இருக்கிறது.

வண்ணம் பெயர்வதும் எல்லா விமானத்திலும் ஒன்றல்ல. அடிப்பூச்சு இல்லாமல் வெற்று உலோகத்தின் மேல் பச்சை அடிக்கப்பட்ட ஜப்பானியத் தரைப்படை விமானங்கள் பல, படைபடையாக உரிந்து நின்றதைப் படங்கள் காட்டுகின்றன. அதைப் பார்த்துப் பழகிய கை, நல்ல பிரைமர் அடித்த விமானத்தையும் அதேபோல உரித்துவிடுகிறது.

264ஆம் அணியின் கறுப்பு

தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு பெயர் இந்த மாதிரிகளுக்கிடையே இருக்கிறது. பிரிட்டிஷ் வான்படையின் 264ஆம் அணி 'மதராஸ் மாகாணம்' என்ற பெயரைத் தாங்கியது. போல்டன் பால் டிஃபையன்ட் என்ற விமானத்தை முதலில் பெற்ற அணி அதுவே. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இதை 1/72 மாதிரியாக வெளியிட்டிருக்கிறது.

டிஃபையன்ட் வினோதமான விமானம். முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளோடு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். பகைவர் முன்னாலிருந்தோ கீழிருந்தோ வந்தால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. விமானம் தீப்பிடித்தால் அந்தக் கூண்டிலிருந்து வெளியேறுவதும் கடினம். 1940 ஆகஸ்ட் மாதக் கடைசியில் பெரும் இழப்புகளுக்குப் பிறகு டிஃபையன்ட் பகல் போரிலிருந்து விலக்கப்பட்டு, இரவுப் பணிக்கு அனுப்பப்பட்டது. பச்சையும் பழுப்புமாக இருந்தவை கறுப்பாயின.

இந்தக் கறுப்பைத் தீட்டுவது மிகக் கடினம். முதலில் பயன்படுத்திய இரவுக் கறுப்பு, ஒளியைத் திருப்பாத, கரி போன்ற சொரசொரப்பான பூச்சு. அது விமானத்தின் வேகத்தையே குறைத்ததால் பின்னர் வழவழப்பான கறுப்புக்கு மாறினார்கள். கறுப்பின் மேல் கறுப்புக் கோடு போட முடியாது. முன்நிழல் இங்கே பயன்படாது. செய்பவர் வழக்கமான வித்தைகளை எல்லாம் இழந்து, பார்த்தறிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறார். தரைப் பணியாளரின் கையும் காலும் பட்ட இடத்தில் சொரசொரப்புத் தேய்ந்து லேசாக மினுங்குவது, புகைபோக்கிக்குப் பின்னால் கறை கறுப்பாக இல்லாமல் வெளிறிய பழுப்பாகத் தெரிவது, சுடுநர் ஏறி இறங்கும் கூண்டின் ஓரம் மழமழப்பது என்று இவ்வளவுதான் கிடைக்கும். பலர் இதைச் சலிப்பென்று கருதி, பெட்டியில் உள்ள பகல்நேர வண்ணத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு டிஃபையன்ட்டைத் துணிந்து எடுத்தவர்களிலும் சிலர் சாம்பல் நிறத்தில் தகட்டுக் கோடுகளை வரைந்து வைக்கிறார்கள். இரவில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று பூசப்பட்ட விமானம், வெள்ளைக் கோடு போட்ட கரும்பலகையாக மேசையில் நிற்கிறது.