முதலில் தோற்றவன்

கௌபாய் கதை என்றால் நம்மில் பலருக்கு ஒரு அலட்சியம் உண்டு. குதிரை, புழுதி, துப்பாக்கி; நல்லவன் முந்திச் சுடுவான், கெட்டவன் விழுவான், அவ்வளவுதானே என்று. எனக்கும் அந்த அபிப்பிராயம்தான் இருந்தது. 'கன்ஸ்மோக்' என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடரின் பழைய கதைகளை மறுபடியும் உட்கார்ந்து பார்த்தபோது, அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

1955 செப்டம்பர் 10-ல் வந்த முதல் கதையையே எடுத்துக்கொள்ளலாம். ஜான் வேய்ன் வந்து நின்று, ஜேம்ஸ் ஆர்னஸ் என்ற நடிகரை ஜனங்களுக்கு அறிமுகம் செய்துவிட்டுப் போகிறார். இவ்வளவு தடபுடலாக அழைத்து வரப்பட்ட கதாநாயகன், கான்ஸாஸிலுள்ள டாட்ஜ் நகரத்து மார்ஷல் மாட் டில்லன், என்ன செய்கிறான் தெரியுமா? சுடப்பட்டு விழுகிறான்! டான் கிராட் என்ற கொலைகாரனின் கை அவ்வளவு வேகம்.

சாதாரண ஆசிரியனாயிருந்தால், மார்ஷல் இரவு பகலாகப் பழகி இன்னும் வேகமாகச் சுடக் கற்றுக்கொண்டான் என்று எழுதியிருப்பான். இங்கே மாட் யோசிக்கிறான். கிராட்டுக்கு வேகம் உண்டு, குறி கிடையாது. ஆள் கிட்டத்தில் இருந்தால்தான் பலிக்கும். மறுமுறை மாட் தூரத்தில் நின்றே அவனைச் சந்திக்கிறான். அங்கே அந்த வேகம் உதவவில்லை. கதை முடிந்துவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு நல்ல சிறுகதைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

1961-ல் ஒவ்வொரு கதையையும் ஒரு மணி நேரமாக நீட்டினார்கள். 1975 வரை, மொத்தம் 635 கதைகள். போகப்போக வாராவாரம் ஊருக்கு வரும் அந்நியர்களின் கதையாகிவிடுகிறது. மாட் ஓரமாக நிற்கிறான். நாவலாக்கப் போய் நைந்துபோன சிறுகதைகளை நம் பத்திரிகைகளிலும் பார்த்திருக்கிறோம்.

ஆரம்ப காலத்துக் கதைகள் பல 'பூட் ஹில்' மயானத்தில் தொடங்குகின்றன. அங்கே புதைந்தவர்களைப் பற்றி மாட் தனக்குள் பேசிக்கொள்கிறான். 1952 முதல் ரேடியோவில் வில்லியம் கான்ராட் குரல் கொடுத்து வந்த தொடர் இது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. ஆனால் ஒரு சங்கடம். பிணம் விழாவிட்டால் கதை நடக்காது. விழுந்த பிணத்துக்காகத் துக்கமும் பட்டாக வேண்டும். இது பாசாங்கு இல்லையா? பல கதைகளில் பாசாங்குதான் என்பேன். முதல் கதையில் மட்டும் அப்படித் தோன்றவில்லை. அந்த மயானத்துக்குத் தானே போயிருக்க வேண்டியவன் பேசுகிறான்.

பிற்காலத்தில் வர்ணத்தில் வந்தவற்றில் சிலவற்றைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். முதல் கதையை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாம் தடவை யாருடைய கையையும் கவனிக்கவில்லை. இருவருக்கும் நடுவே கிடந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.