இருளில் கட்டிய நீலம்

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களின் கண் ராஜகிரியின் உச்சிக்குத்தான் போகும். கொஞ்சம் கீழேயும் பாருங்கள்; செட்டிகுளம் அமைதியாகக் கிடக்கிறது. அந்த நீரை ஒரு சோதனைக்குழாயில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை அதில் உண்டா என்று அறிய, 1982-இல் ஃபெங், ஹார்ட்மன் என்ற ஆய்வாளர்கள் ஒரு பேரழகான வழி சொன்னார்கள். சத்துக்கரைசலில் ‘மக்’ (MUG) என்ற தளப்பொருளை, அதாவது நொதி செயல்படும் பொருளை, கலந்து, நீரைச் சேர்த்து, ஒருநாள் இளஞ்சூட்டில் வைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்ட வேண்டும். கிருமி இருந்தால் குழாய் முழுக்க மெல்லிய நீலம் பூக்கும். (பொல்லாத ஓ157:எச்7 வகை மட்டும் பெரும்பாலும் இதில் ஒளிராது, அதற்கு வேறு சோதனை வேண்டும்.)

‘மக்’ மூலக்கூறை நெருங்கிப் பாருங்கள். ஒளிரும் பாதி, 4-மெத்தில் அம்பெல்லிஃபெரோன். அதன் ஓரத்து ஆக்சிஜன் கட்டற்று நின்றால்தான் அந்த நீலம் பொலியும். செய்தவர்களின் கைநயம் இங்கேதான்: குளுக்குரோனிக் அமிலத்தைக் கொண்டுபோய்ச் சரியாக அந்த ஆக்சிஜனிலேயே முடிந்துவிட்டார்கள். ஒளி அடங்கிவிட்டது. ஈ.கோலையின் நொதியோ அந்தச் சர்க்கரை அமிலத்தை அடையாளம் கண்டு, ஒரு நீர்மூலக்கூறின் துணையோடு முடிச்சை அவிழ்க்கிறது. அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. ஒவ்வோர் அவிழ்ப்புக்கும் ஒரு துளி நீலம் சேர்கிறது. பின்புலம் இருளாக இருப்பதால் இம்மியளவு ஒளியும் தப்பாது, அமாவாசையன்று கோட்டைச் சுவரோரம் பறக்கும் ஒற்றை மின்மினியைப் போல.

இந்த நீலத்தின் உறவு நம் அடுக்களையிலும் இருக்கிறது. பெருங்காயத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து வடிகட்டி அமோனியா சேர்த்தால், அம்பெல்லிஃபெரோன் நீலமாய் ஒளிரும். மருந்தாளுநர் படிப்பில் பெருங்காயத்தை இனங்காண இதைச் செய்து பார்ப்பார்கள். அங்கே அமோனியா செய்வதைத்தான் நொதி ஆய்வகத்தில் காரக்கரைசல் செய்கிறது. கோஷே (Gaucher) என்ற பரம்பரை நோய் இருக்கிறதா என்று குழந்தையின் வெள்ளையணுக்களில் வேறொரு நொதியை இதே ஒளிரும் பாதியைக் கொண்டு அளக்கும்போது, வினை அமிலத்தன்மையில் நடக்கும். அவிழ்ந்த மூலக்கூறுகள் அங்கே மங்கலாகவே கிடக்கும். குறித்த நேரத்தில் காரத்தை ஊற்றியதும் நொதி அப்படியே நின்றுவிடுகிறது. அதே நொடியில் அதுவரை சேர்ந்திருந்த நீலமெல்லாம் பொங்கி எழுகிறது. ஒரே கரைசல் வினையை நிறுத்தவும் செய்கிறது, விளக்கையும் ஏற்றுகிறது. எத்தனை சிக்கனமான, எத்தனை நளினமான ஏற்பாடு!

1961-இல் போரிஸ் ராட்மன் என்ற ஆய்வாளர் இந்த நயத்தின் எல்லைவரை போனார். நொதிக் கரைசலையும் அவிழ்ந்தால் ஒளிரும் தளப்பொருளையும் சிலிக்கோன் எண்ணெயில் நுண்துளிகளாகத் தெளித்தார். அந்தக் கண்ணுக்கெட்டாத துளிகளில் பல இருண்டே இருந்தன. சிலவற்றில் ஒளி ஓர் அளவு; வேறு சிலவற்றில் அதன் இரு மடங்கு. ஓர் அளவு ஒளி தந்த துளிக்குள் இருந்தது ஒரே ஒரு நொதி மூலக்கூறு.